பேக்கரிகளுக்கு மட்டும்

பேக்கரிக்காரர் தூங்கிவிட்டார்.

கணக்கர் அதைக் கவனித்தபோது மைதா முடிந்து, வெண்ணெய் முடிந்து, அடுப்பு ரிப்பேரில் பாதி வந்திருந்தார். "மேற்படி அடுப்புக்குக் கதவுக் கைப்பிடி... மேற்படி கைப்பிடிக்குத் திருகாணி..." என்று படித்துக்கொண்டே போனவர், எதிரே ஒரு சத்தமும் இல்லையே என்று தலையைத் தூக்கினார். சாய்வு நாற்காலியில் பேக்கரிக்காரர் நல்ல சேதி கேட்ட முகத்தோடு உறங்கிக்கொண்டிருந்தார். மடியிலிருந்த தலையணையை அவருடைய இரண்டு கைகளும் மெதுவாகப் பிசைந்துகொண்டிருந்தன.

"சார்," என்றார் கணக்கர்.

கைகள் தலையணையைப் புரட்டிப் போட்டு மறுபக்கத்தைப் பிசைய ஆரம்பித்தன.

கணக்கருக்கு அழுகை வராத குறைதான். சொந்தத் தொழில் என்று துணிந்து இறங்கி, மாடி அறைக்கு வெள்ளையடித்து, 'கணக்கு எழுதித் தரப்படும், பேக்கரிகளுக்கு மட்டும்' என்று வாசலில் தாள் ஒட்டிய பிறகு படியேறி வந்த முதல் மனிதர் இவர். முதல் மாதம் இலவசம், பிடித்தால் தொடரலாம் என்பது ஏற்பாடு. இப்படித் தூங்கி வழிபவருக்குப் பிடித்திருக்கிறது என்று யாராவது சொல்ல முடியுமா?

கணக்கரின் வேலை முறையே தனி. எழுதி முடித்த கணக்கை ஒரு வரி விடாமல் உரக்கப் படித்துக் காட்டாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. கண்ணுக்குத் தப்பிய பிசகு காதுக்குத் தப்பாது என்று அவர் நம்பினார். இன்னொரு ரகசியமும் உண்டு. தான் எழுதியதை ஒரு மனிதர் கடைசி வரி வரைக்கும் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று அவருக்கு ரொம்ப ஆசை.

இதற்கு முன்பு அவர் சகலையின் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் இருந்தார். சகலை என்றால் மனைவியின் அக்கா வீட்டுக்காரர். தொழிற்சாலை வாசலுக்கு உள்ளே 'சார்', வெளியே 'அண்ணே'. தினமும் மதியச் சாப்பாடு ஆனதும் கணக்கர் அவருடைய அறைக்குப் போய் அன்றைய கணக்கைப் படிக்க வேண்டும். சகலை நிமிர்ந்து உட்கார்ந்து, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். படித்து முடித்த பிறகும் பார்வை விலகாது. சங்கு ஊதும் வரைக்கும் அப்படியே இருந்துவிட்டு, "சரி, போகலாம்," என்பார். அந்தப் பார்வைக்கு முன்னால் நின்று நின்று கணக்கருக்கு முழங்கால் தேய்ந்துபோயிற்று. அதனால்தான் வேலையை விட்டார்.

சகலை விடவில்லை. வீட்டுக்கே வந்து கெடு வைத்துவிட்டுப் போயிருந்தார்.

"மாசக் கடைசி வரைக்கும் பாருங்க. ஒரே ஒரு வாடிக்கையாளராவது கையெழுத்துப் போட்டு உங்ககிட்ட சேர்ந்திருந்தா, நான் வாயைத் திறக்கமாட்டேன். இல்லைன்னா மறுநாளே பழைய நாற்காலிக்கு வந்துடணும். சரியா?"

கணக்கரின் மனைவி, "சரி," என்று சொல்லிவிட்டாள். அக்கா புருஷனுக்கு முன்னால் தன் வீட்டுக்காரரை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை.

சாயங்கால வெயில் ஜன்னலை விட்டு இறங்கியபோது பேக்கரிக்காரர் கண் விழித்தார். சின்னப் பிள்ளை மாதிரி சுற்றும் முற்றும் பார்த்துச் சிரித்தார்.

"எழுப்பாம விட்டீங்களே, நீங்க நல்லா இருக்கணும் சார்."

"இன்னும் பாதிக் கணக்கு பாக்கியிருக்கு," என்றார் கணக்கர் விறைப்பாக.

"அதை அடுத்த வாரம் வெச்சுக்கலாமா? மதியம் இன்னிக்கு வந்த நேரத்துக்கே? எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லுங்க, போட்டுடறேன்."

கேலி செய்கிறார் என்று கணக்கர் முடிவு கட்டினார். "வேண்டாங்க. கணக்கைக் கேக்காதவங்களுக்கு நான் எழுதறதில்ல," என்று அவர் பில்கள் போட்டுக் கொண்டுவந்த பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மனைவி மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். வீட்டுக்குள் நுழைந்து கைப்பையைக்கூட மாட்டவில்லை, கணவர் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"எப்படிப் போச்சு?"

"தூங்கிட்டார்."

"கையெழுத்து?"

"போடறேன்னார். நான்தான் வேண்டாம்னுட்டேன்."

"ஏங்க, வந்த லட்சுமியைக் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளுவாங்களா?"

"தூங்கின ஆளு எதைக் கேட்டுட்டுக் கையெழுத்துப் போடறார்? எனக்கு மானம் இல்லையா?"

அவள் பெருமூச்சு விட்டாள். "பேக்கரிக்காரங்க விடியறதுக்கு முன்னாடி எழுந்து அடுப்பு மூட்டறவங்க. மதியம் கண்ணு சொக்காதா? வேற தொழிலாப் பாருங்க."

அதுவும் நியாயமாகப் பட்டது. கைபேசியில் டை கட்டிய ஒருவர் பாடம் நடத்துவதைக் கணக்கர் தினமும் கேட்டு வந்தார். ஊரில் உள்ள எல்லாருக்கும் கணக்கு எழுதுகிறேன் என்று கிளம்பாதே, ஒரே ஒரு தொழிலைப் பிடித்துக்கொள் என்பதே அவர் ஓயாமல் சொன்னது. எந்தத் தொழில் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

கணக்கர் தொழிலைத் தேர்ந்தெடுத்த விதம் டை கட்டியவருக்குத் தெரிந்திருந்தால் டையைக் கழற்றியிருப்பார். கணக்கர் ஒரு கடை வாசலில் போய் நிற்பார். நாலு நிமிஷத்தில் அந்தத் தொழிலுக்குள்ளேயே குடிபோய்விடுவார். பேக்கரி வாசலில் ரொட்டி வாசனை மூக்கில் ஏறியதும், புகைபோக்கிகள் நிறைந்த ஒரு தெருவில் தான் நடந்து போவதையும், மாவு ஒட்டிய கைகள் இரு பக்கமும் தன்னைக் கூப்பிடுவதையும் கண்டிருந்தார். இப்போது தெரு முனையில் கடிகாரம் பழுது பார்க்கும் கடை முன்னால் நின்றார். உள்ளே சுவர் முழுக்கக் கடிகாரங்கள், ஒவ்வொன்றும் ஒரு நேரம் காட்டிக்கொண்டிருந்தது. அத்தனை டிக்டிக்கும் சேர்ந்து மழை பெய்வது போலக் கேட்டது. அந்த மழையில் நனைந்தபடி கணக்கர் யோசித்தார். நூல் பிசகினாலும் கண்டுபிடிக்கிற தொழில். நாள் முழுக்க முழித்திருக்கிற தொழில். இவர்கள் தூங்கமாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து 'பேக்கரிகளுக்கு' என்ற சொல்லின் மேல் 'கடிகாரக் கடைகளுக்கு' என்று ஒரு துண்டுத் தாளை ஒட்டினார். சாய்வு நாற்காலியைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு, முதுகு சாய இடமில்லாத ஒரு மர ஸ்டூலைக் கொண்டுவந்து வைத்தார்.

கடிகாரக்காரர் ஒற்றைக் கண்ணில் மாட்டிய பூதக்கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் வந்தார். ஸ்டூலில் கம்பம் போல உட்கார்ந்தார். கணக்கருக்கு உற்சாகம் பிறந்தது.

"சுருள்வில், பெரியது. மேற்படி, சிறியது. மேற்படி, மிகச் சிறியது. பெண்டுலம், பித்தளை. மேற்படிக்கு மெருகு..."

அடுத்த மேற்படிக்குள் கம்பம் சாய ஆரம்பித்தது. மனிதர் தரையில் விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டால் என்ன ஆவது? கணக்கர் பாய்ந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து தோள் கொடுத்தார். கடிகாரக்காரரின் தலை அந்தத் தோளில் தோதாக இடம் பிடித்துக்கொண்டது. கண்ணாடி மட்டும் கண்ணிலிருந்து விழவில்லை. அதுவும் ஒரு தொழில் சுத்தம்தான்.

வேலை முடிந்து வந்த மனைவி மாடி ஏறி வந்து பார்த்தாள். முன்பின் தெரியாத ஒருவர் தன் கணவரின் தோளில் துயில்கொண்டிருந்தார். கணவர் கால் மரத்துப்போய், அசையாமல், சன்னமான குரலில் பெண்டுலங்களைப் படித்துக்கொண்டிருந்தார்.

"இது எந்தத் தொழிலுங்க?" என்றாள்.

"ஷ்ஷ். கடிகாரம்."

கடிகாரக்காரர் எழுந்து, கண்ணாடியைத் துடைத்து, கணக்கரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நேரம் போனதே தெரியல சார். என் கடையில உக்காந்துகிட்டு இந்த வார்த்தையை நான் சொன்னதே இல்ல. மாசாமாசம் வர்றேன். வேணும்னா வாராவாரம் வர்றேன்."

"வராதீங்க," என்றார் கணக்கர். 

மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். "இவரும் போச்சா?"

"உட்காருற இடத்துல குத்தமில்ல. என் குரல்லதான் இருக்கு. ஒரே சீரா போகுது. ஏத்த இறக்கம் வேணும். அப்புறம், ஆளு சுறுசுறுப்பான ஆளா இருக்கணும். கண்ணை மூடினா உயிர் போயிடும்கிற தொழிலா இருக்கணும்."

அப்படிப்பட்ட தொழில் அடுத்த தெருவிலேயே இருந்தது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஓர் அம்மாள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, உலகத்தில் உள்ள அத்தனை கத்துக்குட்டி ஓட்டுநர்களிடமிருந்தும் உலகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அவருடைய பழைய வெள்ளைக் காரைப் பார்த்ததும் கணக்கர் வழக்கம்போலக் கனவில் ஏறிவிட்டார். நீளமான சாலை, இரு பக்கமும் மரங்கள், பின்சீட்டில் தான் உட்கார்ந்து பெட்ரோல் கணக்குப் படிக்க, முன்சீட்டில் அந்த அம்மாள் கண்கொத்திப் பாம்பாக விழித்துக் கேட்டுக்கொண்டே வருகிறார்.

தாளின் மேல் இன்னொரு தாள் ஏறியது. பிளாஸ்க் நிறையக் கடுங்காப்பி போட்டு வைத்தார். கண்ணாடி முன்னால் நின்று ஏற்ற இறக்கத்தோடு படித்துப் பழகினார்.

அம்மாள் வரும்போது ஒரு மாணவரையும் கூட்டி வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். அன்றுதான் முதல் தடவையாக ஸ்டியரிங்கைத் தொட்டிருக்கிறார். "இங்கயே இருங்க, இப்ப வந்துடறேன்," என்று காரோடு அவரைத் தெரு நடுவில் விட்டுவிட்டு அம்மாள் மாடி ஏறினார்.

காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். "ம், ஆரம்பிங்க. சுருக்காப் படிங்க, கீழ ஆள் நிக்குது."

கணக்கர் குரலை உயர்த்தினார். தாழ்த்தினார். "பெட்ரோல்ல்ல்... மேற்படீஈஈ... பின்சக்கர டயர்ர்ர்..." கண்ணாடி முன்னால் வீரமாகக் கேட்ட அதே ஏற்ற இறக்கம் இங்கே தொட்டில் ஆட்டுகிற மாதிரி வந்தது. டயர் முடிவதற்குள் அம்மாளின் தலை மார்பில் கவிழ்ந்துவிட்டது. வலது கால் மட்டும் விட்டு விட்டுத் தரையை ஓங்கி மிதித்தது. தூக்கத்திலும் பிரேக்.

கீழே ஆசிரியர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் ஒரு வண்டி வந்து நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்க ஹாரன். ஒவ்வொரு ஹாரனுக்கும் மாடியில் ஒரு மிதி.

கணக்கர் ஓடி இறங்கினார். "ஐயா, கொஞ்சம் ஓரமா எடுங்களேன்."

"அம்மா சொல்லாம நான் எதையும் தொடமாட்டேன்," என்றார் ஆசிரியர். இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். "இதோ பாருங்க, தொடல."

"அவங்க தூங்கறாங்க."

"எழுந்ததும் சொல்லட்டும்."

பின்னால் நின்ற லாரிக்காரர் இறங்கி வந்து கணக்கரின் பரம்பரையைப் பற்றிச் சில கருத்துகள் சொன்னார். அம்மாள் தானாகவே விழித்து, முகம் கழுவிக்கொண்டு, மெதுவாக இறங்கி வரும் வரைக்கும் தெருவில் ஒரு சக்கரம்கூட நகரவில்லை. லாரிக்காரர் வாயைத் திறந்தவர், அம்மாளின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். அப்படி ஒரு நிம்மதி அந்த முகத்தில்.

"கனவு கண்டேன் சார்," என்றார் அம்மாள் கணக்கரிடம். "கனவுல எல்லாரும் ஒழுங்கா ஓட்டினாங்க."

 அவர் போட வந்த கையெழுத்தையும் கணக்கர் வாங்கிக்கொள்ளவில்லை. மாடிக்குப் போய்த் தாளின் மறுபாதியை ஒட்டுத் துண்டுகளோடு சேர்த்துப் பிய்த்துப் போட்டுவிட்டு, 'கணக்கு எழுதித் தரப்படும்' என்பதை மட்டும் மிச்சம் விட்டார்.

தெருவை அடைத்த விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் மதியம் கதவைத் திறந்தால், படிக்கட்டு முழுக்க ஆட்கள். ஒருவர் சலவைக்குப் போட்ட துணிகளின் கணக்கை வைத்திருந்தார். ஒருவர் பேரனின் பெருக்கல் வாய்ப்பாட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தார். ஒரு அம்மாளின் அக்குளில் தலையணை.

"இது எதுக்கும்மா?"

"கணக்குப் பாக்கறப்ப மடியில வெச்சுக்கத்தான்," என்றார் அவர், கண்ணைப் பார்க்காமல்.

"உங்க தொழில் என்ன?"

"தொழில் வேணுமா?"

கணக்கர் எல்லாரையும் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினார். அவர்கள் போகவில்லை. படிக்கட்டிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். கடிகாரக்காரரும் அவர்கள் நடுவில் ஒன்றும் தெரியாதவர் போல உட்கார்ந்திருந்தார்.

அன்று மனைவி சீக்கிரமே வந்துவிட்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்க கடையில தூக்க மாத்திரை விக்கவே மாட்டேங்குது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, என்னம்மா ஆச்சு ஊருக்குன்னு கேக்கறார். நான் என்னன்னு சொல்றது?"

"கிண்டல் பண்ணாதே."

"கிண்டல் இல்லங்க. நான் தினம் பாக்கறேன். கண்ணு ரெண்டும் குழி விழுந்து வருவாங்க. கேட்டா ஒண்ணுமில்லம்பாங்க. தலைக்குள்ள கணக்கு ஓடிக்கிட்டே இருக்கும். நீங்க அதை எடுத்து, வரிசையா அடுக்கி, இதோ எல்லாம் இருக்கு, எதுவும் தொலையலன்னு படிக்கிறீங்க. பாரம் எறங்கின மனுஷன் தூங்காம என்ன செய்வான்? டை கட்டின ஆளு ஒரு துறையைப் பிடிங்கன்னாரே, உங்களுக்கு அது தானா வந்து படிக்கட்டுல உக்காந்திருக்கு. 'தூக்கம் வராதவர்களுக்கு மட்டும்'. எழுதி ஒட்டுங்க."

கணக்கர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். வெளியே துணி காய்ந்துகொண்டிருந்தது. 

"நான் கணக்கனா, தாலாட்டுப் பாடறவனா? ராத்திரி பகலா உக்காந்து எழுதறேன். ஒருத்தர், ஒரே ஒருத்தர், கடைசி வரி வரைக்கும் கேக்கக் கூடாதா?"

"நான் கேக்கறேன். எனக்குப் படிங்க."

அவள் நிஜமாகத்தான் சொன்னாள். கணக்கர் வீட்டுச் செலவுக் கணக்கை எடுத்தார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை அகல விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "சோப்பு. மேற்படி, துணிக்கு. மேற்படி, பாத்திரத்துக்கு..." கை மெல்லத் தளர்ந்தது. பாவம், நாள் முழுக்க நின்று வேலை பார்த்தவள். கணக்கர் அவள் தலையைத் தன் மடியில் வைத்துவிட்டு, யாரும் கேட்காத அந்தக் கணக்கைக் கடைசி வரைக்கும் படித்து முடித்தார்.

அப்போதுதான் அந்த எண்ணம் அவருக்குள் புகுந்தது. கேட்ட ஆள் ஒருவர் இருக்கிறாரே! தினம் தினம், ஒரு கொட்டாவி இல்லாமல், ஒரு இமைப்பு இல்லாமல், படித்து முடித்த பிறகும் அதையே மனதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். அந்தப் பார்வைக்குப் பயந்து ஓடி வந்தோமே, அது எவ்வளவு பெரிய மரியாதை! உலகத்திலேயே தன் கணக்கைக் கேட்ட ஒரே மனிதரை விட்டுவிட்டு, ஊரெல்லாம் காது தேடி அலைந்திருக்கிறோமே என்று கணக்கருக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

மாசக் கடைசியும் வந்தது. சகலை அக்காவோடு வந்து இறங்கினார். ஆள் இளைத்திருந்தார். கண்கள் சிவந்து, வந்ததும் வராததுமாக எரிந்து விழுந்தார்.

"படிக்கட்டுல என்ன கூட்டம்? யாராவது செத்துட்டாங்களா?"

"இல்லண்ணே, கணக்குக்கு வந்தவங்க."

"எத்தனை பேர் கையெழுத்துப் போட்டாங்க?"

"யாருமில்ல."

"நினைச்சேன்." ஸ்டூலைப் பார்த்து முகம் சுளித்தார். கணக்கர் ஓடிப்போய்ச் சாய்வு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். சகலை சாயவில்லை. தொழிற்சாலையில் உட்காருவது போலவே நிமிர்ந்து உட்கார்ந்தார். கையிலிருந்த உறையை நீட்டினார்.

"உங்க இடத்துல வந்திருக்கானே, அவன் எழுதின இந்த மாசக் கணக்கு. எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல அடிச்சு அனுப்பிடறான். வாயே திறக்கறதில்ல. ஒண்ணும் மனசுல ஏறல. படிங்க, கேப்போம்."

அக்கா, "நான் காப்பி போட்டுக் கொண்டாறேன்," என்று கீழே சமையலறைக்குப் போனார். மனைவி வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

கணக்கர் தொண்டையைக் கனைத்தார். இந்தத் தடவை ஏற்ற இறக்கம் எதுவும் செய்யவில்லை. தன் சொந்தக் குரலிலேயே படித்தார்.

"அட்டை, முரட்டு ரகம். மேற்படி, மெல்லிய ரகம். பசை, டின்னில். மேற்படி, வாளியில். நூல் கண்டு..."

படிக்கட்டில் முதலில் துணிக் கணக்குக்காரர் சாய்ந்தார். அவர் மேல் வாய்ப்பாட்டுத் தாத்தா சாய்ந்தார். தலையணை அம்மாள் தலையணையைக் கடிகாரக்காரரோடு பங்கிட்டுக்கொண்டார். "பெட்டி, காலணி வைப்பதற்கு. மேற்படி, பொம்மை வைப்பதற்கு. மேற்படி, கண்ணாடிச் சாமான் வைப்பதற்கு..." குரல் ஜன்னல் வழியாகத் தெருவில் இறங்கியது. எதிர் வீட்டுத் தையல் இயந்திரம் ஓசை குறைந்து நின்றது. நிழலில் நிறுத்தியிருந்த வண்டியில் ஒருவர் தொப்பியை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். ஒரு நாய் நடந்து வந்து, யோசித்து, படுத்தது. காயப் போட்ட துணிகள்கூட ஆடுவதை விட்டுவிட்டு அப்படியே தொங்கின. வாசற்படியில் மனைவி கதவோடு கன்னத்தை வைத்துக் கண் அயர்ந்துவிட்டாள். அந்தத் தெருவில் அத்தனை பேரும் தங்கள் தங்கள் காலிப் பெட்டிக்குள் எதையோ பத்திரமாக வைத்து மூடிக்கொண்டிருப்பது போல இருந்தது.

விழித்திருந்தவை இரண்டு கண்கள்தான். அதே கண்கள். நேராக, அசையாமல், கணக்கரையே பார்த்துக்கொண்டிருந்தன.

 கணக்கர் கடைசி வரி வரைக்கும் வந்தார். "மேற்படி பெட்டிகளுக்கு மூடி. முற்றும்." சகலை இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். மனதுக்குள் ஒவ்வொரு பெட்டியாகச் சரி பார்க்கிறார் போலும்.

"அண்ணே," என்றார் கணக்கர் மெதுவாக. "ஊர் முழுக்கப் பாத்துட்டேன். உங்களை மாதிரி கேக்கறவங்க ஒருத்தரும் இல்ல. எனக்கு இந்தத் தனித் தொழில் எல்லாம் வேண்டாம். திங்கட்கிழமை வந்துடறேன். உங்களுக்குப் படிச்சுக் காட்டினாப் போதும்."

சகலை ஒன்றும் சொல்லவில்லை. பெருந்தன்மை என்று கணக்கர் நினைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னும் நெருங்கி, "அண்ணே," என்று மறுபடியும் குரலை எடுத்தார்.

காப்பியோடு படியேறி வந்த அக்கா, தூங்குகிறவர்களைத் தாண்டித் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தவர், டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பதறிக்கொண்டு ஓடி வந்து கணக்கரின் வாயைப் பொத்தாத குறையாக நிறுத்தினார்.

"ஐயோ, எழுப்பிடாதீங்க தம்பி! இவரு கண்ணைத் தெறந்து வெச்சுக்கிட்டேதான் தூங்குவாரு, கல்யாணமான புதுசுல நானும் முழிச்சிருக்காருன்னுதான் ஏமாந்தேன். நீங்க ஆபீசை விட்டு நின்னதுலேருந்து பொட்டுத் தூக்கமில்லாம இருந்த மனுஷன், இன்னிக்குத்தான் அசந்திருக்காரு!"